சிறுதேரும் சிறு டாங்கியும்

பெரியதைச் சிறியதாகச் செய்து கையில் ஏந்திப் பார்ப்பதில் மனிதனுக்குத் தீராத விருப்பம் உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியானது சிறுதேர். தெருவில் குழந்தை உருட்டிவரும் அந்தத் தேரை எத்தனையோ புலவர்கள் பாடி மகிழ்ந்திருக்கின்றனர். ஆனால் தேர் திருவிழாவுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. யானை, குதிரை, காலாள் ஆகியவற்றோடு நாற்படையில் ஒன்றாக நின்ற போர்க்கருவியும் அதுவே. பகைவர்மீது பாய்ந்த ஒன்றின் சிற்றுருவைத்தான் நம் முன்னோர் பிள்ளையின் கையில் கொடுத்தனர். அதில் குற்றம் உண்டென்று அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இன்று சிறுதேரின் இடத்தில் சிறு டாங்கி நிற்கிறது. இதைச் செய்வோர் பிள்ளைகள் அல்லர், பெரும்பாலும் பெரியவர்கள். ஜப்பானிய நிறுவனமான தாமியா 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் செய்ய முனைந்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கவேண்டும் என்பதைக் கொண்டே அதன் அளவைத் தீர்மானித்தது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தால் அது மெய்யான வண்டியில் 35இல் ஒரு பங்காக இருந்தது. தற்செயலாய் அமைந்த அந்த அளவே உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது. இக்கணக்கில் சராசரி உயரமுள்ள ஒரு போர்வீரன் ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருப்பான்.

சட்டத்தில் வார்த்த உறுப்புகளை ஒவ்வொன்றாக நறுக்கி, அரத்தால் தேய்த்து, பசையிட்டு ஒட்டி, வண்ணம் பூசுவது வேலையின் முதற் பாதி. மறுபாதிதான் கடினமானது: புதியதைப் பழையதாக்க வேண்டும். விளிம்பில் துரு, சக்கரத்தில் சேறு, புகைபோக்கியில் கரி, மூடியருகே எண்ணெய்க் கறை. பின்னர் அந்த வண்டிக்கு ஓர் உலகம் சமைக்க வேண்டும். பாரிஸ் சாந்தும் சலித்த மண்ணும் கொண்டு தரை, காய்ந்த வேர்களால் மரம், பாதி இடிந்த வீட்டுச் சுவர், அதன்மேல் கிழிந்த சுவரொட்டி. இவ்வாறு அமைந்த முழுக்காட்சியை டயோராமா என்கின்றனர். பின்னாளில் நிழற்படக் கலையின் முன்னோடியாய்ப் புகழ்பெற்ற தாகேர் 1822இல் பாரிஸில் திறந்த காட்சிக்கூடத்துக்கு இட்ட பெயர் அது.

ஒரு காட்சிக்கு மாதக்கணக்கில் உழைப்போர் உண்டு. ஆணியின் தலை எத்தனை என்று எண்ணிச் சரிபார்ப்போரும் உண்டு. நாம் இங்குக் கேட்க விழைவது இதுதான்: கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றை இத்துணை அன்போடு செய்வது தகுமா?

டாங்கி என்னும் பெயரே ஒரு மறைப்பில் பிறந்தது. 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்குமுன், பகைவர் அறியாதிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் அச்சொல்லை ஆங்கிலேயர் அதற்கு வைத்தனர். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் செல்வோர் காணும் வீராணம் ஏரியையும் ஆங்கில ஆவணங்கள் டாங்க் என்றே குறித்தன. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டி ஆயிரம் ஆண்டு வயல்களுக்கு உணவளித்த ஏரிக்கும் இந்த இரும்பு வண்டிக்கும் ஒரே பெயர் அமைந்தது மொழியின் விளையாட்டு.

நம் வினாவுக்கு இரண்டு எளிய விடைகள் உடனே கிடைக்கும். இது வெறும் பொம்மை என்பது ஒன்று. இதற்குப் பெயர்பெற்ற வழக்குரைஞரும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து ஒரு நூலே வெளியிட்டார். மெய்யான போரைவிடத் தரையில் ஆடும் சிறு போர் எவ்வளவோ மேல், யாரும் சாவதில்லை என்பது அவர் கட்சி. நிலத்தில் ஊரும் இரும்புக் கப்பல்களைக் கற்பனை செய்து 1903இல் கதை எழுதியவரும் அவரே. நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பொம்மைப்போர் மெய்ப்போரைத் தடுக்கவில்லை. அதை மூட்டியதாகவும் எவரும் சொல்லமுடியாது. ஆகவே பொம்மை டாங்கி செய்பவன் போர்வெறியன் என்ற குற்றச்சாட்டை நாம் ஏற்பதில்லை.

இரண்டாவது விடை நம்மை இன்னும் சற்றுத் தாமதிக்கச் செய்கிறது. நாங்கள் செய்வது வரலாறு, உள்ளதை உள்ளபடி காட்டுகிறோம் என்பது அது. கேப்டன் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கதையை இவர்கள் அறிந்திருத்தல் நன்று. 1815 ஜூன் 18ஆம் நாள் நடந்த வாட்டர்லூ போரைச் சிற்றுருவில் அமைக்கும் பணி 1830இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் போர்க்களத்திலேயே பல மாதங்கள் தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். மாலை ஏழு மணி அளவில் நீர் எங்கு நின்றீர் என்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் மடல் எழுதிக் கேட்டார். அரசு இடையில் பணத்தை நிறுத்தியது. கடன்பட்டு முடித்தார். 1838இல் இலண்டனில் காட்சிக்கு வந்தபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தகர வீரர்கள் அதில் நின்றனர். ஒவ்வொருவனும் மெய்யான வீரர் இருவருக்கு ஈடு.

அந்தப் போரின் தலைவரான வெலிங்டன் பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. தமக்கு உதவ வந்த பிரஷ்யப் படையினர் அக்காட்சியில் மிகுதியாகவும் மிக அருகிலும் நின்றனர் என்பதே குறை. வெற்றியில் பங்கு கேட்கும் பொம்மைகள்! இறுதியில் சைபோர்ன் பணிந்தார். பிரஷ்ய வீரர்கள் பல்லாயிரவர் பலகையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டனர். இன்றும் அந்தக் காட்சி இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலம் சரி, உடை சரி, வயலின் பயிர்கூடச் சரி. ஆட்கள் மட்டும் குறைவு.

சைபோர்னை நாம் மதிக்கிறோம். கடன்பட்டு உண்மை தேடியவர்கள் எக்காலத்திலும் சிலரே. ஆயினும் அவர் எடுத்த மற்றொரு முடிவைப் பற்றி ஒருவரும் அவரோடு வழக்காடவில்லை. அவர் தேர்ந்த நேரம் மாலை ஏழு மணி, வெற்றி கைகூடும் நேரம். மறுநாள் காலை, அதே வயலில் பல்லாயிரவர் செத்தும் குற்றுயிராயும் கிடந்த நேரத்தை அவர் தேர்ந்திருக்கலாம். பொம்மைகள் அதே எண்ணிக்கைதான், நிலமும் அதுவேதான். எதைச் செய்கிறோம் என்பதைவிட எந்த நொடியில் நிறுத்துகிறோம் என்பதில்தான் இக்கலையின் அறம் இருப்பதாக நமக்குப் படுகிறது.

அசைவை நிறுத்தி அசைவைக் காட்டும் வித்தை நமக்குப் புதிதன்று. சிதம்பரம் கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்களும் கல்லில் நிற்கின்றன. தூக்கிய கால் எங்கே இறங்கும் என்பதைச் சிற்பி சொல்வதில்லை. காண்போர் மனமே ஆடி முடிக்கிறது. அதே கோயில் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டையாகப் பயன்பட்டது என்பதைப் பலர் மறந்திருக்கலாம். 1781 ஜூனில் ஹைதர் அலியின் வீரர்கள் காவல் காத்த அந்த மதில்களை சர் அயர் கூட் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். இரண்டு வாரத்துக்குள், ஜூலை முதல் நாள், பரங்கிப்பேட்டையில் அவர் ஹைதரை வென்றார். டாங்கிகள் இல்லாத காலம். ஆனால் சிற்றுருவக் கலைஞன் ஒருவனுக்குக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தைப்போல் பொருள் நிறைந்த களம் வேறொன்று வாய்ப்பது அரிது.

கடலூரையே எடுத்துக்கொள்வோம். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. உழுதுகொண்டிருந்தவனைக் கேட்காமலே, விழுந்த குண்டு அவனுடைய ஆட்சியாளரை மாற்றிவிட்டது. புனித தாவீது கோட்டை எனப்பட்ட அந்தக் கோட்டையை 1758இல் லாலி கைப்பற்றி இடித்தார். மிஞ்சியிருப்பது கொஞ்சமே.

இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1783 ஜூன் 13ஆம் நாள், கடலூருக்கு வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படையும் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மோதின. பிரெஞ்சுக்காரருக்குத் துணையாக மைசூர்ப் படையும் நின்றது. இருபுறமும் சிப்பாய்களாய் நின்றவர்கள் இந்நாட்டு மக்கள். ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் மாண்டவரும் காயமுற்றவருமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். ஜூன் 20இல் கடலில் சுஃப்ரேனின் கப்பல்களும் ஹியூஸின் கப்பல்களும் ஒன்றையொன்று சுட்டன. இருதரப்பிலும் நூறு நூறு பேர் அளவில் உயிரிழந்தனர். ஜூன் 25இல் பிரெஞ்சுப் படை வெளியே பாய்ந்து தாக்கி முறியடிக்கப்பட்டது. அதன்பின் சில நாள்களில் சமாதானக் கொடியோடு ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் பூசலை முடித்துக்கொண்டு பூர்வாங்க உடன்பாட்டில் கையொப்பமிட்டிருந்தன. கையொப்பமான நாள் 1783 ஜனவரி 20.

ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துபோன போரில் அவர்கள் செத்தனர். செய்தி கடல்வழியே வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஒருவர் இந்த ஜூன் 13ஐச் சிற்றுருவில் அமைப்பதாகக் கொள்வோம். சட்டையின் பொத்தான் சரியாக இருக்கலாம். பீரங்கியின் சக்கரம் சரியாக இருக்கலாம். அவ்வளவும் சரியாயிருந்தும் அந்தக் காட்சி ஒரு பொய்யைச் சொல்லக்கூடும், ஏனெனில் அந்தப் போரின் முதன்மையான உண்மைக்கு உருவம் கிடையாது. அது ஒரு தேதி.

டாங்கிக்குத் திரும்புவோம். அகமதுநகரில், இன்றைய அகில்யாநகரில், ஃபமகஸ்டா என்று பெயரிடப்பட்ட ஒரு செஞ்சூரியன் டாங்கி பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1971 டிசம்பர் 16ஆம் நாள், டாக்காவில் போர் முடிந்த அதே நாளில், மேற்கே பசந்தர் ஆற்றுப் பகுதியில் அந்த வண்டிக்குள் இருந்து போரிட்டு மாண்டவர் அருண் கேத்தர்பால். வயது இருபத்தொன்று. எரியும் வண்டியை விட்டு வெளியேறு என்ற ஆணையையும் மறுத்துப் போரிட்டதற்காக அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. சிற்றுருவம் செய்வோர் விரும்பித் தேரக்கூடிய காட்சி இது. ஆனால் இக்கதைக்கு இன்னொரு காட்சி உண்டு. 2001இல் அவருடைய தந்தை, ஓய்வுபெற்ற பிரிகேடியர், எண்பது வயதைக் கடந்த நிலையில் தாம் பிறந்த மண்ணைக் காணப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரை வீட்டில் வைத்துப் பேணியவர் பிரிகேடியர் நாசர். உங்கள் மகனை எதிர்த்து நின்று வீழ்த்தியவன் நானே என்று அவர் அந்த முதியவரிடம் சொன்னார். இரண்டு கிழவர்கள் அமர்ந்திருக்கும் ஒரு தோட்டத்தை 35இல் ஒரு பங்கில் எவரேனும் செய்வாரா? துருவும் இல்லை, புகையும் இல்லை. செய்வதற்கு இதைவிடக் கடினமானது வேறொன்றும் இராது.

மெய்யான வண்டிகளைக் காட்சிக்கு வைப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. 1965 போரில் கைப்பற்றிய பாட்டன் டாங்கிகளை நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் வெற்றிச் சின்னமாக நிறுத்தினர். ஈழத்தில் ஆனையிறவு வழியாகச் செல்வோர், 1991 போரில் விடுதலைப் புலிகள் இரும்புக் கவசமிட்டு ஓட்டிவந்த புல்டோசரைச் சாலையோரத்தில் காண்பர். அதைத் தடுத்து உயிர்நீத்த இலங்கைப் படைவீரரின் நினைவிடம் அது. ஒரு சாரார் அங்கு மலர் வைக்கின்றனர். மறு சாரார், தம் பிள்ளைகளுக்கு ஒரு கல்லறைகூட எஞ்சாதவர்கள், பேருந்தின் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். வண்டி ஒன்றே. அதைப் பார்க்கவருவோர் யார் என்று எண்ணிப் பாராமல் வைக்கப்பட்ட எந்தக் காட்சியும் பாதிக் காட்சிதான்.

சிறு உருவங்களைக் கொண்டு காட்சி அமைப்பதை நாம் வேறோரிடத்திலும் கற்றிருக்கிறோம். கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலுவுக்கான களிமண் பொம்மைகள் செய்கின்றனர். 1783இல் அந்தப் பக்கத்துக் குன்றுகளை ஒட்டித்தான் படைகள் முகாமிட்டிருந்தன என்பது இங்கு நினைக்கத்தக்கது. நம் இல்லங்களில் டிசம்பரில் எழும் குடிலும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1223இல் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த காட்சியில் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் இருந்தன. குழந்தையின் உருவத்தை அவர் அதில் வைத்ததாகப் பழைய வரலாறு சொல்லவில்லை. நடுவிடம் வெறுமையாய் இருந்தது. வந்தவர்களே அதை நிறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் அதே கிரேச்சோவில் கையொப்பமிட்ட மடலில், குழந்தைகள் நற்செய்தியோடு தொடர்பற்ற உருவங்களையும் குடிலில் சேர்க்க விரும்புவதைக் கனிவோடு குறிப்பிட்டார். நம் வீட்டுக் குடில்களில் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டாங்கி ஒன்று நிற்பதை நாம் பலரும் கண்டிருக்கிறோம். பெரியவர்கள் அதை எடுத்துவிடுவர். எடுக்காமல் விட்டாலும் தவறில்லை என்பது நம் கருத்து. ஏரோது அரசனின் வீரர்கள் பெத்லகேமுக்கு வந்துகொண்டிருந்த கதைதானே அது. பிள்ளை அறியாமல் வைத்தாலும் அந்த வண்டி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது: அதன் குழல் எதை நோக்கி நிற்கிறது என்பது அங்கே எவருக்கும் தெரிகிறது.

டாங்கியைச் செய்வோர் செய்யட்டும். பொறுமையும் கைந்நேர்த்தியும் வரலாற்று அறிவும் வளரும் வேலை அது. நம் இளைஞரிடம் அவை மிகுந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஒன்றை மட்டும் கேட்போம். காட்சிப் பலகையின் ஓரத்தில் வண்டியின் பெயரும் எடையும் குழலின் விட்டமும் எழுதிய ஓர் அட்டை வைப்பது வழக்கம். உள்ளே எத்தனை பேர் அமர்ந்திருந்தனர், அவர்கள் என்ன ஆயினர் என்பதும் அந்த அட்டையில் இடம்பெறட்டும். கடலூர்ப் பள்ளி ஒன்றில் மாணவர் எவரேனும் என்றாவது 1783ஆம் ஆண்டுக் காட்சியை அமைத்தால், அட்டையில் ஜூன் 13க்கு மேலே ஜனவரி 20 என்றும் எழுதட்டும்.