முகம் காணாச் சொல்

சொல்லால் பிறரை வருத்தலாகாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். வருத்த வேண்டும் என்ற எண்ணமே இன்றி எழுதிய சொல் ஒருவரை வருத்துமாயின், அப்பிழை யாருடையது? அலுவலகந்தோறும் மின்னஞ்சல் வழங்கும் இக்காலத்தில் இவ்வினா நம் எல்லோருக்கும் உரியது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாளில் பள்ளியில் சுற்றறிக்கை ஏடு ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் எழுதிய செய்தியைப் பணியாளர் வகுப்பு வகுப்பாகக் கொண்டு வருவார். நாங்கள் படித்துக் கையொப்பமிடும் வரை வாயிலில் நிற்பார். ஐயம் இருப்பின் அவரிடமே கேட்டு அனுப்பலாம். எவர் முகமேனும் வாடினால் அதுவும் தலைமையாசிரியர் செவிக்கு எட்டிவிடும். மெதுவான முறைதான், ஆயினும் சொல்லுக்கும் மனிதருக்கும் இடையே ஒரு முகம் இருந்தது.

1971இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் கணினி வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அனுப்பிய கணினியும் பெற்ற கணினியும் ஒரே இடத்தில் அருகருகே இருந்தவை! தொலைவை வெல்ல வந்த இக்கருவி, அருகில் இருப்போரையும் தொலைவில் வைக்கக்கூடும் என்பதை நான் பின்னர் உணர்ந்தேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு தனியார் பள்ளியில் சில ஆண்டுகள் பாடத்திட்டப் பொறுப்பில் இருந்தேன். ஒருமுறை மதிப்பெண் பட்டியல் உரிய நாளில் வரவில்லை. அடுத்த அறையில் இருந்த இளம் ஆசிரியைக்கு, "பட்டியல் இதுவரை வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பள்ளி முதல்வருக்கும் நகல் அனுப்பினேன். மறுநாளே பட்டியல் வந்தது. ஆனால் அவர் என்னுடன் பேசுவது நின்றது. அவர் தாயார் நோயுற்றிருந்ததையும், அவர் இரவெல்லாம் மருத்துவமனையில் விழித்திருந்து பகலில் பள்ளிக்கு வந்ததையும் பின்னரே அறிந்தேன். பத்தடி நடந்து சென்றிருந்தால் அக்களைத்த முகத்தைக் கண்டிருப்பேன். என் கேள்வியும் வேறாக இருந்திருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். தாம் எழுதியது கேலியா, மெய்யுரையா என்பதைப் பெறுபவர் 100க்கு 78 முறை சரியாக உணர்வர் என்று எழுதியோர் நம்பினர். பெற்றவர் உணர்ந்ததோ 56 முறைதான். நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலே 50 முறை சரியாக அமையுமே! எழுதும்போது நம் குரல் நம் செவியில் ஒலிக்கிறது. படிப்பவரோ தம் அன்றைய மனநிலையின் குரலில் அதைக் கேட்கிறார்.

அவ்வாசிரியையிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். "நீங்கள் கேட்டது வருத்தமில்லை அம்மா, முதல்வருக்கும் அனுப்பினீர்களே, அதுதான்" என்றார். என் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தேன். என்மீது குறை வாராமல் காத்துக்கொள்ளவே அந்நகலை அனுப்பியிருந்தேன். தட்டச்சுக் காலத்தில் ஒவ்வொரு படிக்கும் கார்பன் தாள் வைக்க வேண்டும். ஆதலால் எவருக்குத் தேவை என்று எண்ணிப் பார்த்தோம். இன்று விரலசைவு போதும். பெறுபவர் அறியாமல் பிறருக்கு அனுப்பும் மறைநகலோ இன்னும் தாழ்ந்தது. வள்ளுவர் புறங்கூறாமைக்கென 19ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதை மறைநகலுக்கும் பொருத்திக் கொள்வதே முறை.

மின்னஞ்சலைப் பழிப்பது என் கருத்தன்று. நேரில் பேசக் கூசுபவர் அதில் தெளிவுற எழுதுகிறார். சொன்னதைச் சொல்லவில்லை என மறுக்க இயலாது. உடனே விடையிறுக்காமல் ஓர் இரவு சிந்திக்கவும் இடமுண்டு. கருவியில் குற்றமில்லை, அதன் பின்னே ஒளிந்து கொள்வதுதான் குற்றம்.

ஆகவே, குறையை நேரில் தனித்துச் சொல்வோம்; பாராட்டைப் பலருக்கும் நகலிட்டு எழுதுவோம். சினத்தில் எழுதியதை விடியும் வரை அனுப்பாதிருப்போம். படிப்பவர் முகத்தை மனக்கண்ணில் கண்டபின்னரே எழுதத் தொடங்குவோமாக.