குண்டு விழுந்த தூரம்

1690-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் ராஜாராமிடம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரை உள்ள நிலமும் கிரயத்தில் சேர்த்தி. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹூ யேல். பெரிய பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரரும் சென்னையிலிருந்து போனார்கள். மருந்தை எப்படிக் கெட்டித்தால் குண்டு அதிக தூரம் போகும் என்பது அவர் கைத்திறமை. செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். கடலூரும் சுற்றுக் கிராமங்களும் கம்பெனி எல்லைக்குள் வந்தன.

பத்திரத்தில் எழுதியதற்கு மேல் ஒரு அடிகூட எடுக்கவில்லை. அப்படியானால் அது நியாயமா?

நியாயம் என்பவர்களிடமும் வலுவான வாதம் உண்டு. ராஜாராம் மனமறிந்து விற்றார். கம்பெனி பணம் கொடுத்தது. குடிகளைக் கேட்கவில்லை என்றால், நாயக்கர்களும் நவாபுகளும் மட்டும் கேட்டா கிராமங்களைக் கைமாற்றினார்கள்? விளைச்சலில் அரசுப் பங்கான மேல்வாரத்தை வாங்கும் உரிமை அரசருடையது, அதை அவர் யாருக்கும் கொடுக்கலாம் என்பதே அன்றைய வழக்கம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் செஞ்சி அப்போது முகலாயப் படையின் நெருக்கடியில் இருந்தது. கழுத்தில் கத்தி இருப்பவன் சொல்லும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. அதைவிடப் பெரிய குறை, அளவுகோல் வாங்குபவன் கையில் இருந்தது. 1737-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா குடியேற்றத்திலும் இதே கதைதான். ஒரு ஆள் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை நிலம் என்று சொல்லும் பழைய பத்திரம் ஒன்றைக் காட்டினார்கள். அங்கிருந்த பூர்வகுடிகளான லெனபே மக்கள் நினைத்தது சாதாரண நடை. குடியேற்றத்தார் முன்கூட்டியே வழியைச் செப்பனிட்டு, வேகமாக ஓடக்கூடிய மூவரை இறக்கினார்கள். இரண்டு இடத்திலும் சொல் மீறப்படவில்லை. எதிரே இருந்தவர் அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்தே மிதிக்கப்பட்டது.

உள்நாட்டில் இருந்த எலவனாசூர்கோட்டை என்ற ஊருக்கு அந்தக் குண்டு எட்டவில்லை. அதன் பின்விளைவு எட்டியது. கடற்கரையில் வியாபாரத்துக்கு என்று வாங்கிய இடம், இரண்டு தலைமுறைக்குள் படை புறப்படும் இடமாயிற்று. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களில் இந்த ஊர்க் கோட்டைக்கும் சண்டை நடந்தது. பக்கத்துத் தியாகதுருகம் மலைக்கோட்டை 1761-இல், புதுச்சேரி விழுந்த கையோடு, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் வசமானது. இந்தப் பக்கத்து உழவர்களும் நெசவாளர்களும் எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைத்தவர்கள் அல்லர். ஆனாலும் படைகள் நடந்தது இவர்கள் வயலில்தான்.

1690-இல் இருந்தவர்கள் இவ்வளவையும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. அதனால் பின்னால் வந்த ஆட்சி முழுவதையும் யேல் தலையில் கட்டுவது முறையல்ல. ஆனால் பீரங்கியில் மருந்து கெட்டித்த அன்று செய்தது என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பேரத்தை நிறுத்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: அதே அளவுகோலை விற்பவன் கையில் கொடுத்திருந்தால் வாங்குபவன் ஒப்புக்கொண்டிருப்பானா? கம்பெனி ஒப்புக்கொண்டிருக்காது. சாலைக்கும் ஆலைக்கும் இன்று நிலம் எடுப்பவர்கள், இழப்பீட்டுத் தொகையை எழுதுவதற்கு முன்னால் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்.