ஒரு மாங்கனி, ஒரு மூங்கில் கழி

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா களைகட்டும். மாப்பிள்ளை அழைப்பு உண்டு, திருக்கல்யாணம் உண்டு, பிச்சாண்டவர் வீதியுலாவில் மாடிகளிலிருந்து மாங்கனி மழையும் உண்டு. மணமக்கள் பரமதத்தனும் புனிதவதியும். ஊரே கூடி ஆண்டுதோறும் நடத்திவைக்கும் இந்தக் கல்யாணம் நிலைக்காமல் போன கல்யாணம் என்பதுதான் விசேஷம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய, இவர்கள் கதையைச் சொல்லும் பெரியபுராணத்தை பக்தி நூலாகவே படித்துப் பழகிவிட்டோம். இல்லறம் எங்கே நிலைக்கிறது, எங்கே உடைகிறது என்று அது கூர்ந்து பார்த்திருக்கும் அளவுக்கு நம் கல்யாண மேடை வாழ்த்துரைகள் பார்ப்பதில்லை.

புனிதவதி காரைக்கால் வணிகர் தனதத்தனின் ஒரே மகள். மாப்பிள்ளை நாகப்பட்டினத்து வணிகக் குடும்பம். மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, பக்கத்திலேயே தனி வீடும் பொருளும் கொடுத்துக் குடிவைக்கிறார். மாமியார் சண்டை இல்லை, பணக்கஷ்டம் இல்லை. எந்தத் தரகரும் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கும் சம்பந்தம்.

கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகளைப் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு ஆகியிருக்கிறது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு கனியைச் சோற்றோடு படைத்துவிடுகிறாள். மதியம் கணவனுக்கு மற்றதை வைக்க, ருசி கண்டவன் இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி. அதன் சுவையே வேறு. எங்கே கிடைத்தது என்று கேட்டவனிடம் மறைக்காமல் சொல்கிறாள். அவன் நம்பவில்லை, இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். வந்த கனி அவன் கைக்குப் போனதும் மறைகிறது.

அதோடு முடிந்தது. மனைவியைத் தெய்வமென்று எண்ணி அஞ்சியவன், அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிறிது காலம் ஒட்டாமல் வாழ்ந்துவிட்டு, வாணிபம் என்று மரக்கலம் ஏறி, பாண்டி நாட்டுத் துறைமுக நகர் ஒன்றில் இறங்கி, வேறொருத்தியை மணக்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். அவனைத் தேடிக் கண்டுபிடித்த உறவினர் முதல் மனைவியை அழைத்துப் போனபோது, இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து காலில் விழுகிறான். சேக்கிழார் அவனைக் கெட்டவன் என்று காட்டவில்லை. ஆனாலும் கும்பிட்டது கடைசியில். சொல்லாமல் ஓடியது முதலில். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் துணையைக் கைவிட்டுப் போவது மணவிலக்குக்குக் காரணம். துறவு பூணுவதும் காரணம். மிதமிஞ்சிய மரியாதை அந்தப் பட்டியலில் இல்லை!

புனிதவதியின் வீட்டுக்கு நேர்மாறான வீடு தில்லையில் இருந்தது. திருநீலகண்டர் குயவர், அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். அவர் ஒரு பரத்தை வீட்டுக்குப் போய் வந்தது மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டு வேலை ஒன்றையும் அவள் விடவில்லை. உடலுறவை மட்டும் மறுக்கிறாள். நெருங்கியவரை, தீண்டக்கூடாது என்று சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு நிறுத்துகிறாள். ஆணையில் அவள் பன்மையில் பேசியதால், வேறெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று அவர் முடிவெடுக்கிறார். சிறிய வீடு, ஒரே கூரை, அக்கம்பக்கத்துக்குத் தெரியாத விரதம். இருவரும் கிழமாகிறார்கள்.

சிவயோகியாக வந்த இறைவன் ஓர் ஓட்டைக் கொடுத்துவைத்து, அதை மறையச் செய்து, திருடியதாக வழக்குப் போடுகிறார். மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்பது தீர்ப்பு. கையைப் பிடிக்க முடியாதே! மூங்கில் கழியின் இரு முனைகளை இருவரும் பற்ற, நீலகண்டர் ஊரறிய நடந்ததைச் சொல்கிறார். மூழ்கி எழுந்தவர்கள் இளமையோடு எழுந்தார்கள் என்கிறது புராணம். தில்லையாகிய சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் இன்றும் இருக்கிறது.

புனிதவதி வீட்டில் தவறே இல்லை, ஆனால் மௌனம் இருந்தது. குயவர் வீட்டில் தவறு இருந்தது. அதை முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தியும், சொன்னதற்குக் கட்டுப்பட ஒருவரும் இருந்தார்கள். மணம் நிலைத்த இடம் இரண்டாவதுதான்.

அதே புராணத்தில் மணமே வேண்டாம் என்று இருந்தவர் திலகவதியார். நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரில் இறக்க, பெற்றோரும் முன்பே போய்விட, உயிர்விடத் துணிந்தவரைத் தம்பி மருள்நீக்கியாரின் கண்ணீர் தடுத்தது. பேசி முடித்தவனுக்கே உரியவள் என்ற எண்ணம் அவரைக் கட்டியது. அதை இன்றைய பொருளில் சுதந்திரத் தேர்வு என்று சொல்வது மிகை. ஆனால், தனியாக இருந்ததால் அவர் வாழ்க்கை வெறுமையாகிவிடவில்லை. திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகினார்; சமண சமயத்துக்குப் போன தம்பி சூலை நோயோடு திரும்பியபோது திருநீறு தந்து சேர்த்துக்கொண்டார். அந்தத் தம்பிதான் அப்பர். கல்யாண வயதைத் தாண்டிய பெண்ணை விசேஷ வீடுகளில் மடக்கி 'எப்போது?' என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கலாம்.

புராணத்தின் மீது ஒரு குறையும் உண்டு. தம்பியைக் காத்த திலகவதியார் 63 நாயன்மார் கணக்கில் இல்லை. கணவனை ஆணையிட்டு நிறுத்தியவளும் இல்லை. அவளுக்குச் சேக்கிழார் ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை.