விளைந்ததா என்று கேட்போம்

மீன மாதம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் மாம்பழப் பேச்சு தொடங்கிவிடும். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம்வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் பழம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "கல் வைத்த பழமா?" என்றுதான். கேள்வியில் நியாயம் உண்டு. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும். அந்தக் கல்லோடு கலந்துவரும் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் உடம்புக்குக் கேடு. கார்பைடு வாயுவில் பழுக்கவைத்த பழத்தை விற்கக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம் என்பதே என் கவலை. எப்படிப் பழுக்க வைத்தார்கள் என்று கேட்பதற்கு முன், விளைந்த பிறகு பறித்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

மாங்காய் மரத்தில் இருக்கும்வரைதான் அதற்கு வரவு. பிஞ்சு பிடித்து மூன்று, நான்கு மாதம் இலைகள் அனுப்புகிற சத்தெல்லாம் சதையில் மாவாகச் சேர்கிறது. பறித்த கணத்தோடு அந்த வரவு நின்றுபோகும். பிறகு நடப்பதெல்லாம் இருக்கிற மாவு சர்க்கரையாக மாறுவதும், புளிப்பு இறங்குவதும், மணம் எழுவதும்தான். முற்றாத காயில் மாவே போதிய அளவு சேர்ந்திருக்காது. அதை வைக்கோலில் வைத்தாலும் கல்லில் வைத்தாலும் தோல் மஞ்சளாகும், சதை குழையும், இனிப்பு மட்டும் வராது. வெம்பிய பழம் என்று நம்மவர்கள் ஒதுக்குவது இதைத்தான். பழம் பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவைப் பழமே தனக்குள் சுரக்கிறது. அதே வாயுவை 100 பிபிஎம் அளவுவரை அறைகளில் செலுத்திப் பழுக்கவைக்க 2016-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. நன்றாக விளைந்த காயை அப்படி முறையாகப் பழுக்கவைத்தால் அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இயற்கை, செயற்கை என்று கோடு கிழிப்பதைவிட விளைந்தது, விளையாதது என்று கிழிப்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

விளைந்த காயைக் கண்ணாலும் கையாலும் கண்டுகொள்ளலாம். காம்பைச் சுற்றிப் பாருங்கள். இளங்காயில் தோள் சரிந்திருக்கும். விளைந்த காயில் இரண்டு தோளும் புடைத்து எழும்பி, காம்பு ஒரு சிறு குழிக்குள் இறங்கினாற்போல் நிற்கும். கன்னம் தட்டையாக இல்லாமல் உருண்டிருக்கும். தண்ணீரில் போட்டால் விளைந்தது பெரும்பாலும் அமிழும், இளசு மிதக்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. செந்தூரா காயிலேயே சிவந்து நிற்கும். இமாம்பசந்தோ தோலில் பச்சை மிச்சமிருக்கும்போதே பழுத்துவிடும். பழத்துக்கு நம்பகமான சாட்சி காம்படியில் வரும் மணம். கடைத்தெருவில் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்தும் வெம்பல் ஏன் சந்தைக்கு வருகிறது? வியாபாரியின் பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பல தோப்புகளில் மரம் பூத்து நிற்கும்போதே குத்தகை பேசி முடித்துவிடுகிறார்கள். மாமரமோ ஒரே நாளில் பூப்பதில்லை. கிளைக்குக் கிளை வாரக்கணக்கில் முன்பின்னாகப் பூக்கும். குத்தகைக்காரர் ஆளை ஏற்றி ஒரே தடவையில் பறிக்கும்போது விளைந்ததும் விளையாததும் ஒரே கூடைக்குள் விழுகின்றன. சீசன் தொடக்கத்தில் வரும் பழத்துக்கு விலை அதிகம். பாலக்காட்டு முதலமடைத் தோப்புகள் பேர் பெற்றதே நாட்டில் மற்ற இடங்களுக்கு முன்னால் காய்ப்பதால்தான். மேட மாதம் ஒன்றாம் தேதி விஷுக்கணியில் மாங்கனி இருக்க வேண்டும் என்பதால் அதற்கு முந்திய நாட்களில் தேவை ஏறுகிறது. இன்றைக்கே, கையில் எடுத்தவுடன் தின்னும் பக்குவத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். அந்த அவசரத்துக்கு விடையாகத்தான் கல் வந்தது.

ஆகவே நான் சொல்லும் மாற்று, காயாக வாங்கி வீட்டில் பழுக்கப் போடுவது. வேலைக்குப் போகிறவர்களுக்கு, சின்ன ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்பார்கள். காம்பு கீழ்நோக்கப் பால் வடியவிட்டு, துடைத்து, ஓர் அட்டைப்பெட்டியில் வைக்கோலோ பழைய செய்தித்தாளோ பரப்பி ஒற்றை அடுக்காக வைத்தால் போதும். தினமும் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கடுங்குளிரில் மாங்காய் பழுக்கும் சக்தியையே இழந்துவிடும். அழுகிப்போகிறதே என்பது இந்த ஈரமான ஊரில் உண்மையான குறைதான். கரும்புள்ளி நோய் காயோடேயே வருகிறது. 52 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கியெடுத்தால் அது வெகுவாகக் குறையும். அப்படியும் ஒன்றிரண்டு போகும். போகட்டும். மற்றவை ஒரே நாளில் பழுக்காமல் இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று என்று வரும். அதுதான் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் கனிவது தோல் சீவித் தின்ன, நார் மிகுந்த நாட்டு மாம்பழம் உருட்டிக் கசக்கிச் சப்ப, புளிப்பும் இனிப்பும் சேர்ந்த சிறுபழம் கொட்டையோடு புளிசேரிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிநாள் கிடைக்கிறது.

பருவத்துக்குக் காத்திரு என்கிறீர்களே, கன்னியாகுமரி மாவட்டத்தில் நீலம் காலம் தப்பியும் காய்க்கிறதே என்று ஒருவர் மடக்கலாம். சரியான கேள்வி. இரண்டு பருவமழையும் பெறும் தென்கோடி அது. மரம் அங்கே தன் கணக்கில் பூக்கிறது. அந்தக் காயும் தன் மாதங்களை மரத்தில் முழுதாகக் கழித்துவிட்டு வந்தால் அது பருவப் பழமே. நான் காலண்டருக்காக வாதாடவில்லை, ஒவ்வொரு காய்க்கும் உள்ள நாட்களுக்காக வாதாடுகிறேன். அந்த நாட்களைக் கொடுக்க மரம் தயார்தான். விளைந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க இரண்டு மூன்று தடவை மரமேற வேண்டும், அதற்குக் கூலி ஆகும். முந்திவந்த மஞ்சள் பழத்துக்குக் கொடுக்கும் விலையைச் சாலைக் கடைத்தெருவில் தோள் புடைத்த பச்சைக் காய்க்குக் கொடுக்க ஆட்கள் இருந்தால்தான் குத்தகைக்காரருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகும்.