கடனும் கடமையும்

கடன் என்ற சொல் தமிழிலே இருபொருள் பயப்பது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமும் கடன். ஒருவர் ஆற்றியே தீரவேண்டிய கடமையும் கடன். பண்டை இலக்கியங்களிலே நாம் அடிக்கடி காண்பது இரண்டாவது பொருள். இன்றைய பேச்சு வழக்கிலோ முதலாவது பொருளே நிலைத்துவிட்டது. இச்சொல்லாராய்ச்சி எதற்கென வாசகர் வினவலாம். கொரோனாக் கொள்ளைநோய் நம் நாட்டைப் பீடித்த 2020, 2021ஆம் ஆண்டுகளிலே சிறுவியாபாரிக்குச் சமுதாயம் செய்ய வேண்டியிருந்தது கடமை. செய்ததோ கடன் கொடுத்தது. ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கிடையே எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு நசுங்கியது.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இடையிடையே தளர்த்தப்பட்ட மாவட்டங்களும் உண்டு. கொழும்பிலும் கம்பஹாவிலும் அது மே மாதப் பிற்பகுதிவரை நீடித்தது. தையற்காரர், முடிதிருத்துவோர், தேநீர்க்கடைக்காரர், சைக்கிள் திருத்துவோர், நடைபாதையில் மரக்கறி விற்கும் பெண்கள் ஆகியோரின் வருவாய் ஓரிரவில் நின்றது. கடைகளை மூடச் சொன்னது தவறென நாம் வாதிடவில்லை. தடுப்பூசி இல்லாத அந்நாளில் மனிதர் கூடுவதைக் குறைப்பதே உயிர்காக்கும் வழியாயிருந்தது. நமது வினா வேறு. எல்லாருடைய உயிரையும் காப்பதற்காகச் சிலருடைய தொழில் நிறுத்தப்படும்போது, அதனால் வரும் நட்டம் யாரைச் சாரும்?

இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் வேறோரிடத்தில் ஏற்கெனவே விடை கூறியிருக்கிறது. வீதியை அகலமாக்குவதற்கு ஒருவரின் காணி தேவைப்பட்டால் அரசு அதனை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நட்டஈடு கொடுத்தாக வேண்டும். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இதனை விதிக்கிறது. பொதுநன்மையின் பாரத்தைத் தனியொருவர் தலையில் சுமத்தலாகாது என்பதே அதன் உட்கிடை. பொதுநன்மைக்காகக் காணியை எடுத்தால் ஈடு உண்டு. அதே பொதுநன்மைக்காக ஒருவரின் உழைப்பு நாட்களை எடுத்தால்? அங்கே உரிமை மறைந்து இரக்கம் வந்துவிடுகிறது. நிலமுடையோருக்கு நட்டஈடு, உழைப்பையே உடைமையாகக் கொண்டோருக்கு நிவாரணம் என்னும் இப்பாகுபாடு இயற்கையின் நியதியன்று. சொத்தின் மீது கட்டப்பட்ட சமுதாயத்தின் நியதியாகும்.

நடைமுறையில் நிகழ்ந்தது யாது? குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2020 ஏப்ரிலிலும் மேயிலும் 5,000 ரூபா வழங்கப்பட்டது. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மீண்டும் முடக்கப்பட்டபோது வருமானமிழந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது 2,000 ரூபா. அது அடுப்புக்குச் சில நாட்கள் உதவியிருக்கலாம். கடை வாடகைக்கு உதவாது. தொழிலுக்கென மத்திய வங்கி முன்வைத்தவற்றுள் முக்கியமானவை இரண்டு: பழைய கடன்களின் தவணையை ஆறு மாதங்களுக்கு ஒத்திவைத்தல், நூற்றுக்கு 4 வீத வட்டியிலே புதிய கடன் வழங்கல். இரண்டும் பயனற்றவையென நாம் கூறோம். ஆனால் நட்டத்தை இவை நீக்கவில்லை. நட்டமடைந்தவரின் நாளைய உழைப்பின் மீது அதனை ஏற்றிவைத்தன. மேலும், வியாபாரப் பதிவோ கணக்கேடோ இல்லாத நடைபாதைப் பெண்ணுக்கு வங்கிக் கடன் எட்டாக்கனி. அவள் கடன்பட்டிருப்பது பெரும்பாலும் நுண்நிதிக் கம்பனியிடமும் அடகுக்கடையிலும் சீட்டுக்காரரிடமுமே.

பாதுகாப்பு வேறு, பொருளாதாரம் வேறு; ஒன்றைக் காக்க மற்றதைப் பலியிட வேண்டும் என்று அக்காலத்தே பலர் பேசினர். இது பிழையான நோக்கு. இந்நோயின் கிருமி பெரும்பாலும் சுவாசத்தின் வழியே வெளிப்பட்டு, காற்றோட்டமற்ற அறையிலே தேங்கிப் பரவுகிறது. திறந்த யன்னலும் முகக்கவசமும் இடைவெளியும் அதனைக் குறைப்பன. இவற்றைக் கற்றுக்கொள்வது ஒரு சிறுகடைக்காரருக்குக் கடினமன்று. கடினமானது, காய்ச்சல் கண்ட நாளிலே கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருப்பதுதான். 14 நாள் தனிமைப்படுத்தல் என்பது மாதச் சம்பளம் பெறும் நமக்கு 14 நாள் ஓய்வு. அன்றாடம் உழைத்துண்பவருக்கு 14 நாட் பட்டினி. பட்டினிக்கு அஞ்சியவர் இருமலை மறைப்பார். ஆகவே அவருக்கு வருமான உறுதி அளிப்பது தருமமன்று. சவர்க்காரமும் முகக்கவசமும் போல அதுவும் ஒரு நோய்த்தடுப்பு முறையாகும்.

பேலியகொடை மீன்சந்தையின் கதை இதனை விளக்கும். 2020 ஒக்டோபரில் அங்கே தொற்றுக் கண்டதும் சந்தை மூடப்பட்டது. மீன் வழியாக நோய் வரும் என்ற அச்சம் பரவி, மக்கள் மீன் வாங்குவதையே தவிர்த்தனர். நவம்பரிலே, முன்னர் மீன்பிடித்துறை அமைச்சுப் பொறுப்பிலிருந்த திலிப் வெதஆரச்சி பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். பலர் நகைத்தனர். நகைப்புக்குரியது அச்செயலன்று என்பது நம் கருத்து. கரையோரத்து மீனவரும் கூடையிலே மீன் சுமந்து விற்கும் பெண்ணும் இழந்த வருவாய்க்கு ஈடுதர ஒரு முறையே இல்லாத நாட்டில், ஒருவர் பச்சை மீனைக் கடித்துத்தான் அவர்களுக்காக வாதாட வேண்டியிருந்தது என்பதே வருந்தத்தக்கது.

இங்கே நம் முற்போக்கு நண்பர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். சிறுவியாபாரி ஒரு சிறு முதலாளி அல்லவா? அவருக்காகத் தொழிலாளர் இயக்கம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பர். இது நூலிலிருந்து பெற்ற விடை; வீதியிலிருந்து பெற்றதன்று. தன் தையல் இயந்திரத்தின் முன் நாளெல்லாம் குனிந்திருப்பவர் யாரைச் சுரண்டுகிறார்? அவரிடம் வேலைசெய்யும் ஒரேயொரு சிப்பந்தியின் நிலையையும் எண்ணுக. வேலையின்றி வீட்டிலிருக்க நேர்ந்த தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைப்பங்கு அல்லது 14,500 ரூபா, இவற்றுள் கூடியது வழங்கப்பட வேண்டுமென 2020 மே மாதத்திலே அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டனர். வருவாயே அற்ற கடைக்காரர் அதனை எங்கிருந்து கொடுப்பார்? மறுபுறம், ஊரடங்கு வேளையிலும் வீடுதோறும் பொருள் கொண்டுசெல்லப் பேரங்காடிகளுக்கு அனுமதி இருந்தது; வாகனமும் தொலைபேசிப் பிரிவும் அவற்றிடம் இருந்தன. சிறுகடை வீழ்ந்த இடத்திலே சமதர்மம் முளைப்பதில்லை. பேரங்காடியின் இன்னொரு கிளையே முளைக்கிறது.

வேறு வழி இருந்ததா? இருந்தது. ஜேர்மனி 2020 வசந்தகாலத்தில், ஐவர் வரை வேலைசெய்யும் சிறு தொழில்களுக்கு மூன்று மாதங்களுக்கென 9,000 யூரோ வரையிலும், பத்துப் பேர் வரையுள்ளவற்றுக்கு 15,000 யூரோ வரையிலும் கடனாகவன்றி மானியமாகவே வழங்கியது. அமெரிக்காவோ ஊதியம் கொடுப்பதற்குச் செலவிட்டால் தள்ளுபடியாகும் கடனுக்கென 34,900 கோடி டொலரை ஒதுக்கியது. அத்தொகை இரு வாரங்களுக்குள் தீர்ந்துபோயிற்று. பெரிய உணவகக் கம்பனிகளும் அதிலே பங்கு பெற்றிருந்தமை வெளியானபோது கண்டனம் எழ, சில கம்பனிகள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. மானியம் சாத்தியமே என்பதை முதலாவது காட்டுகிறது. வரிசையிலே வலியோரும் எளியோரும் ஒன்றாக நிறுத்தப்பட்டால் வலியோரே முந்துவர் என்பதை இரண்டாவது காட்டுகிறது.

அவை செல்வ நாடுகள், நம் திறைசேரியோ வறியது என்பது அடுத்த தடை. வறுமை உண்மையே. ஆனால் அதன் ஒரு பகுதி நாமே தேடிக்கொண்டது. கொள்ளைநோய்க்குச் சில மாதங்கள் முன்னர், 2019 டிசம்பரிலே, பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. இவ்வரிக்குப் பதிவுசெய்வதற்கான ஆண்டு விற்பனை வரம்பும் 120 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. அரசின் வெற்றுப் பெட்டி வானத்திலிருந்து விழுந்ததன்று. யாரிடம் வாங்குவது, யாரிடம் வாங்காது விடுவது என்பதும் ஓர் அறத் தீர்ப்பேயாகும்.

அத்தீர்ப்பின் விலையைப் பின்னர் கடனாளிகள் செலுத்தினர். ஒத்திவைத்த தவணைகள் திரும்பி வந்த காலமும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் ஒன்றாயின. அவ்வாண்டு ஏப்ரிலிலே மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நீதிமன்றத்தை நாடாமலே ஈட்டுச் சொத்தை ஏலமிட 1990ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்கு அளித்த பராட்டே அதிகாரம் சிறு, நடுத்தர முயற்சியாளரின் கதவைத் தட்டியது. எதிர்ப்பு வலுத்தபின் 2024இல் அவ்வதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. பொதுநன்மைக்காகக் கடையை மூடியவர்களுள், இறுதியில் கடையையே இழக்கும் அபாயத்தை எதிர்நோக்கியோரும் இருந்தனர்.

இனியொரு கொள்ளைநோய் வராதென்று உறுதிகூற யாராலும் இயலாது. ஆகவே அமைதிக் காலத்திலேயே செய்யத்தக்கவற்றை நாம் வற்புறுத்த வேண்டும். ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவிலும் பதிவற்ற சிறு தொழில்கள் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இருத்தல் வேண்டும். அரசு மூடச் சொல்லும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு ஈடு என்பது முன்கூட்டியே சட்டமாதல் வேண்டும். மூடிய காலத்து வாடகையிலே கட்டட உரிமையாளரும் ஒரு பங்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். சந்தைகளைப் பூட்டுவதற்கு முன், காற்றோட்டமுள்ள மைதானங்களுக்கு அவற்றை மாற்ற முயலுதல் வேண்டும். இரண்டாம் உலகப்போரின் உணவு நெருக்கடியிலே பங்கீட்டுப் பொருள்களை மக்களிடம் சேர்க்க இலங்கையெங்கும் கூட்டுறவுக் கடைகள் பெருகின. அம்மரபு நம்முடையது. நலிந்துபோன நம் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் புத்துயிரளித்தால், நெருக்கடியின்போது சிறுவியாபாரிகளின் பொருளை வீடுதோறும் சேர்க்கும் பணியை அவை ஏற்கவியலும்.

இவற்றைக் கேட்கும்போது, இரப்போரின் குரலில் நாம் கேட்கலாகாது. ஊருக்காகக் கடையை மூடியவர் ஊருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டவர். கடன்பட்டிருப்பது அவரல்லர், நாமே.