ஆண்டவர் திரும்பிப் பார்த்தார்

தவக்காலச் சிந்தனை



தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் இராயப்பர் மூன்று முறை ஆண்டவரை மறுதலித்த அந்த இரவை நாம் எல்லோரும் அறிவோம். சேவல் கூவியதையும் அறிவோம். ஆனால் சேவல் கூவியதற்கும், இராயப்பர் வெளியே போய் மனங்கசந்து அழுததற்கும் இடையில் நடந்த ஒரு சிறு காரியத்தை லூக்காஸ் நற்செய்தியாளர் மாத்திரமே எழுதி வைத்திருக்கிறார் (லூக். 22:61). கட்டுண்டு நின்ற ஆண்டவர் திரும்பி இராயப்பரைப் பார்த்தார் என்பதே அது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, குற்றம் சாட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பார்வையைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். அதற்கு, நம் வீட்டு இளைஞர்கள் இரவு விழித்திருந்து தொலைக்காட்சியில் பார்க்கும் உதைபந்தாட்டத்திலிருந்து ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன்.

36 அடி தூரம்

1996-ம் ஆண்டு ஜூன் 26-ம் திகதி. இலண்டன் மாநகரின் வெம்பிளி மைதானம். ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தும் ஜேர்மனியும் மோதின. இரு தரப்பும் ஆளுக்கொரு கோல் போட்டன. மேலதிக நேரத்திலும் முடிவு கிட்டவில்லை. ஆகவே தண்ட உதைகளால் வெற்றியைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

இந்த முறையை அறியாத தாய்மாருக்காகச் சொல்கிறேன். கோல் கம்பங்களுக்கு இடையில் 24 அடி அகலம். உயரம் 8 அடி. அதிலிருந்து 36 அடி தூரத்தில் பந்து வைக்கப்படும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஐவர், ஒருவர்பின் ஒருவராக வந்து உதைக்க வேண்டும். எதிரே பந்துக் காப்பாளர் ஒருவர் மட்டுமே. ஐந்திலும் சமநிலை என்றால், அதன்பின் ஒருவர் தவறி மற்றவர் போட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அன்று இரு பக்கத்திலும் ஐவரும் தவறாமல் போட்டார்கள். ஆறாவதாக இங்கிலாந்துக்காக வந்தவர் கரெத் சவுத்கேட் என்ற 25 வயது இளைஞர். அவர் பின்கள வீரர். கோல் போடுவது அவருடைய தொழில் அல்ல. எதிரியைப் போடவிடாமல் தடுப்பதே அவருடைய தொழில். தண்ட உதையில் பழக்கம் இல்லாதவர். ஆயினும் பொறுப்பைக் கேட்டபோது பின்வாங்காமல் ஏற்றுக்கொண்டார். உதைத்தார். ஜேர்மனியின் காப்பாளர் கொப்கே பாய்ந்து தடுத்துவிட்டார். அடுத்து வந்த ஜேர்மனி வீரர் மொல்லர் போட்டார். இங்கிலாந்து தோற்றது.

அந்தத் தொடர் முழுவதும் அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்று யாரும் எண்ணவில்லை. தவறிய ஒன்றை மட்டும் நாடு முழுவதும் எண்ணியது. பின்கள வீரனுடைய தலைவிதி அது. நம் வீட்டுத் தாய்மாருடைய தலைவிதியும் அதுதான் அல்லவா? முந்நூற்று அறுபத்து நான்கு நாள் நேரத்துக்கு வெந்த சோற்றை யாரும் பேசமாட்டார்கள். ஒரு நாள் குழைந்த சோறு மாத்திரம் ஊரெல்லாம் பேச்சாகும்.

சவுத்கேட்டின் பெயரைச் சொன்னாலே பல வருடங்களுக்கு அந்த ஓர் உதைதான் மக்களுக்கு நினைவு வந்தது. பீட்சா விற்கும் நிறுவனமொன்று, அவர் காகிதப் பையால் முகத்தை மூடிக்கொண்டு வருவதாக விளம்பரமே எடுத்தது. அவரும் நடித்தார், பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒரு மனிதன் தன் முகத்தை மூடிக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒரு தவறு பெரிதாகலாமா என்று சிரித்தவர்கள் நினைத்தார்களோ?

ஓசான்னா பாடிய வாய்

பிரியமானவர்களே, கூட்டத்தின் இயல்பு அப்படிப்பட்டது. 2021 ஜூலை 11-ம் திகதி அதே வெம்பிளியில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தின் தண்ட உதையில், ஹரி மக்வயர் என்ற இங்கிலாந்துப் பின்கள வீரர் பந்தைப் பலமாக உதைத்துக் கோல் போட்டார். அன்று மைதானமே அவருக்காக ஆர்ப்பரித்தது. ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. 2022 மார்ச் 29-ம் திகதி அதே மைதானத்தில், அதே நாட்டுச் சட்டையோடு அவர் நின்றபோது, சொந்த நாட்டு இரசிகரில் ஒரு பகுதியினரே அவரைக் கூச்சலிட்டு இழிவுபடுத்தினார்கள். குருத்து ஞாயிறன்று ஓசான்னா பாடிய நகரம் வெள்ளிக்கிழமை என்ன கூவியது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

கூச்சலோடு நின்றால் பரவாயில்லை. 1994-ம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் கொலம்பியா நாட்டின் பின்கள வீரர் அன்ட்ரெஸ் எஸ்கோபார், ஜூன் 22-ம் திகதி அமெரிக்காவுடனான ஆட்டத்தில், எதிரியின் பந்தைத் தடுக்கப் பாய்ந்தார். அது அவர் காலில் பட்டுத் தன் சொந்தக் கோலுக்குள்ளேயே போனது. பத்து நாள் கழித்து, ஜூலை 2-ம் திகதி, சொந்த ஊரான மெடெயின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. கத்தோலிக்க நாடு அது. கோயில்கள் நிறைந்த நகரம் அது. அங்கேயும் இது நடந்தது.

மொஸ்கோவில் ஒரு தோள்

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். 22 வருடங்கள் கழிந்தன. சவுத்கேட் இங்கிலாந்து அணியின் பயிற்றுநர் ஆனார். 2018 ஜூலை 3-ம் திகதி மொஸ்கோ நகரில் உலகக் கிண்ண ஆட்டம். எதிரே நின்றது எஸ்கோபாரின் நாடான கொலம்பியா. மறுபடியும் சமநிலை, மறுபடியும் தண்ட உதை. கொலம்பியாவின் மத்தேயூஸ் உரிபே உதைத்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்து வந்த பாக்காவின் பந்தும் தடுக்கப்பட்டது. இங்கிலாந்து வென்றது. உலகக் கிண்ண வரலாற்றில் அந்நாடு தண்ட உதையில் வென்றது அதுவே முதல் தடவை.

வீரர்கள் துள்ளி ஓடினார்கள். அந்த ஆனந்தத்தின் நடுவில் சவுத்கேட் உரிபேயிடம் போனார். எதிரணியின் அந்த இளைஞனைக் கட்டி அணைத்து ஆறுதல் சொன்னார். உலகமெங்கும் போன படம் அது. கோல் போட்டவர்களை மக்கள் மறந்தாலும் அந்த அணைப்பை மறக்கவில்லை.

மூன்று வருடங்களின்பின், நான் முன்சொன்ன 2021 இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் மூவர் தண்ட உதையில் தவறினார்கள். ரஷ்போர்ட், சான்சோ, சாகா ஆகிய மூவரும் கறுப்பின இளைஞர்கள். கடைசியாகத் தவறிய சாகாவுக்கு 19 வயது. அன்றிரவே அவர்களுடைய தோலின் நிறத்தைச் சொல்லி வசைமாரி பொழிந்தார்கள். சவுத்கேட் சாகாவைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டார். யார் உதைப்பது என்று தீர்மானித்தவர் தாமே, ஆகவே பொறுப்பும் தம்முடையதே என்று பகிரங்கமாகச் சொன்னார். மன்செஸ்டரில் ரஷ்போர்ட்டின் உருவம் தீட்டிய சுவரொன்று அந்த இரவில் கிறுக்கிப் பழுதாக்கப்பட்டது. மறுநாள் ஊர் மக்களும் சிறு பிள்ளைகளும் வந்து, அன்பு மொழிகள் எழுதிய காகிதங்களை ஒட்டி அந்தக் கிறுக்கலை மூடிவிட்டார்கள்.

கல்லெறியவும் கூட்டம் உண்டு. காயத்தை மூடவும் கூட்டம் உண்டு. நாம் எந்தக் கூட்டம்?

இராயப்பரும் யூதாசும்

அன்று தவறியவர் இராயப்பர் மட்டும் அல்ல. யூதாசும் மனம் வருந்தினான் என்பதை நாம் பல வேளை கவனிப்பதில்லை. அவன் 30 வெள்ளிக்காசுகளையும் எடுத்துக்கொண்டு குருக்களிடம் திரும்பிப் போனான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டான். அவனுக்குக் கிடைத்த பதில் என்ன? அது எங்கள் காரியம் அல்ல, உன் பாடு என்று கைவிரித்தார்கள் (மத். 27:4). அழுதுகொண்டு வந்தவனுக்குக் கோயிலிலே கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்! அவன் வெளியே போனான். அவன் முடிவு உங்களுக்குத் தெரியும்.

இருவரும் தவறினார்கள், இருவரும் வருந்தினார்கள். ஒருவர் தம்மைத் திரும்பிப் பார்த்த முகத்தைக் கண்டார். மற்றவனோ தன்னைக் கைவிட்ட முகங்களை மட்டுமே கண்டான். ஆண்டவருடைய முகத்தைத் தேடிப் போகவில்லை. யூதாசின் குற்றம் அவனுடையதே. ஆயினும் அந்தக் குருக்களைப் போல முகந்திருப்பிக்கொள்ளும் பாவம் நம்மிடம் இல்லையா என்று நாம் நெஞ்சில் கைவைத்துக் கேட்க வேண்டும். கல்லெறிவது மட்டும் பாவம் அல்ல. எனக்கென்ன என்பதும் பாவமே.

நம் லயத்து வாசலிலே

பலாங்கொடை தொடங்கி இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை வரை நம் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல.

தவறிய ஆட்டக்காரரைத் தோலின் நிறத்தால் ஏசினார்கள் என்று சொன்னேன். தோட்டக்காட்டான் என்ற ஒரு சொல்லால் நம் பாட்டன் பூட்டன் முதல் எல்லோரையும் அளந்தவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். ஒரு மனிதன் முழுவதையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியாதா? அப்படியிருக்க, அதே கொடுமையை நாம் நமக்குள்ளே செய்வது எப்படி?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிவு வந்த நாளில் ஒரு பத்து வயதுப் பிள்ளை இஸ்தோப்பில் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அடுத்த காம்பிராப் பிள்ளையின் புள்ளியைச் சொல்லிச் சொல்லித் தகப்பன் ஏசுகிறார். சாதாரண தரப் பரீட்சையில் தவறிய மகள் பீலிக்கு நேரங்கெட்ட நேரத்தில் போகிறாள். மற்றப் பெண்கள் கேட்கும் கேள்விக்குப் பயந்துதான். வெளிநாட்டு வேலைக்குப் போன தாய் காலம் முடியுமுன் வெறுங்கையோடு திரும்பி வந்தால், என்ன நடந்தது என்று அறியாமலே கதை கட்டிவிடுகிறோம். குடியை விட்டுவிட்டேன் என்று சொல்லிப் பூசைக்கு வருபவனை, எத்தனை நாளைக்கோ என்று கோயில் வாசலிலேயே கேலி செய்கிறோம். வருடங்கள் போனாலும் பழைய தவறைப் பட்டப்பெயராக வைத்து அவன் பிள்ளைகளையும் அந்தப் பெயராலேயே அழைக்கிறோம். இப்படி ஒதுக்கப்பட்டு உயிரையே வெறுத்தவர்கள் நம் நடுவில் இல்லையா? அவர்களுடைய மரண வீட்டில் அழுவதைவிட, இருக்கும்போது ஒரு கோப்பைத் தேநீரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்வது எவ்வளவோ மேல்.

கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவதை நீங்கள் அறிவீர்கள். மழையா, காய்ச்சலா, மலை மோசமா என்று மடுவத்துத் தராசு கேட்பதில்லை. ஆனால் தேவனுடைய செக்ரோலில் அரைப்பேர் கிடையாது. கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் திராட்சைத் தோட்டத்துக்காரர் முழுக்கூலி கொடுத்தார் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத். 20). அவர் முழுப்பேர் போட்ட மனிதனுக்கு நாம் அரைப்பேர் போட யார்?

அப்படியானால் தவறைத் தவறென்று சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல வேண்டும். இறப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கத்தி பட்டையில் பட்டால்தான் பால் வரும். ஆனால் கை தவறி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால், அந்த இடம் முடிச்சு முடிச்சாகி, பிறகு வெட்ட முடியாமல் போகும். அளவோடு வெட்டிய பட்டையோ சில வருடங்களில் புதிதாக வளர்ந்து மறுபடியும் பால் தரும். பிள்ளையைத் திருத்துகிற தகப்பனுடைய நாவும் அந்தக் கத்தியைப் போலத்தான்.

ஏரிக்கரையிலே

உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் கரி நெருப்பு மூட்டிச் சீடருக்கு உணவு ஆயத்தம் செய்திருந்தார் (அரு. 21:9). இராயப்பர் மறுதலித்த இரவிலும் ஒரு கரி நெருப்பு எரிந்தது என்று அதே அருளப்பர் எழுதுகிறார் (அரு. 18:18). மூன்று முறை தவறியவரிடம் அங்கே மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டார். தவற்றை மூடி மறைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிக் குத்தவும் இல்லை. முதலில் சாப்பிடக் கொடுத்தார், பிறகு கேட்டார், பிறகு தம் ஆடுகளையே அவர் கையில் ஒப்படைத்தார். விழுந்தவருக்கே மேய்க்கும் பொறுப்பு! ஏனென்றால், விழுந்து எழுந்தவருக்குத்தான் விழுந்து கிடப்பவனுடைய வலி தெரியும். நாம் துன்பத்தில் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறரைத் தேற்ற வேண்டும் என்று சின்னப்பரும் போதிக்கிறார் (2 கொரி. 1:4). 1996-ல் முகத்தை மூடிக்கொண்டவர் 2018-ல் இன்னொருவனுடைய முகத்தைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டது இதற்கு நல்ல உதாரணம்.

ஆகவே பிரியமானவர்களே, இந்தத் தவக்காலத்தில் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, ஒருவருடைய தவற்றை நினைவூட்டும் பட்டப்பெயரை இன்றோடு நம் வீட்டில் நிறுத்துவோம். இரண்டாவது, தவறி விழுந்து வீட்டுக்குள் ஒடுங்கியிருக்கும் ஒருவரையாவது இந்த வாரம் தேடிப் போவோம். புத்தி சொல்ல அல்ல, பக்கத்தில் இருக்க. மூன்றாவது, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, நாம் எறிந்த கற்களை மட்டுமல்ல, நாம் திருப்பிக்கொண்ட முகத்தையும் சேர்த்துச் சொல்வோம்.

சேவல் எல்லோருக்கும் ஒருநாள் கூவும். அன்று நம்மை ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஏங்குவோம். ஆண்டவர் நிச்சயமாகப் பார்ப்பார். அவருடைய பார்வை இன்று நம் கண்கள் வழியாகவே பிறரைப் போய்ச் சேர வேண்டும் என்று அவர் விரும்புகிறார். அந்தக் கண்களை அவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.