பிராயச்சித்தம் செய்தவனுக்கும் இடமில்லையா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஈமச் சடங்குகள் முடியுமுன்பே டீக்கடைகளில் கேள்வி கிளம்பிவிட்டது: “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” நிவாரணத் தொகை சரியா, தவறா என்பது வேறு விவகாரம். அந்தக் குரலிலிருந்த இளக்காரம்தான் உறுத்துகிறது. குடியிலிருந்து மீள நினைப்பவன் மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்குவது இந்த இளக்காரத்துக்கு அஞ்சித்தான். மீள்கிறவனை வெட்கப்படுத்துவது அறமாகாது.

இந்த வெட்கப்படுத்தல் பழையது. பெருநகர் என்னும் ஊருக்கு அருகே, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன (கி.பி. 919, 921). ஐம்பெரும் பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர் பெயரைச் சபைத் தேர்தல் ஓலையில் எழுதக் கூடாது என்கிறது அந்தக் கல். தர்மசாஸ்திரக் கணக்கில் மது அருந்துவதும் அவற்றுள் ஒன்று. உறவினருக்கும் தடை. சில குற்றங்களில், பிராயச்சித்தம் செய்து தூய்மையானவருக்கும் சாகும்வரை இடமில்லை. சபையைக் காக்க அந்தக் கண்டிப்பு அன்று தேவைப்பட்டிருக்கலாம். கணக்குக் காட்டாதவருக்கும் அதே கல்லில் தடை உண்டு. அதை வசதியாக மறந்துவிட்ட ஊர், குடித்தவன்மேல் மட்டும் ஆயிரம் ஆண்டுத் தீர்ப்பை இன்னும் செலுத்துகிறது.

குடிப்பவனுக்கு நாணம் முதுகு காட்டும் என்று வள்ளுவர் கள்ளுண்ணாமையில் சொன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கை நடுங்க உட்கார்ந்திருப்பவனிடம் அந்த நாணம் திரும்பி வந்துவிட்டது என்பதை யார் பார்க்கிறார்கள்? நாணுடைமை அதிகாரமோ, தகாத செயலுக்கு வெட்குவதே நாணம் என்று தொடங்குகிறது. நாணமுடையவர் அதன்பொருட்டு உயிரையே விடுவர் என்றும் எச்சரிக்கிறது. பழைய வாழ்வுக்கு நாணித் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரியைத் தாங்கிப் பிடித்தது ஒரு கை என்கிறது வழிவழி வந்த கதை. பழசைக் கிளறிய வாய் அல்ல. மணிமேகலையில் சாதுவன், கள் நீட்டிய நாகர் தலைவனை ஏசவில்லை. அவன் சிரித்தபோதும் நிதானமாகப் பேசிப் புரியவைத்தான்.

அடி வாங்கிய மனைவி, தாலியை அடகில் இழந்தவள், இவர்களின் கோபம் நியாயமானது. மன்னிப்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை, ஊரின் உரிமையல்ல.

2003 முதல் தமிழக அரசே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. 2023-24இல் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விற்ற கைக்கு இல்லாத வெட்கம், வாங்கிய கைக்கு மட்டும். அந்த வெட்கம் ஆபத்தானதும்கூட. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். மானம் போகுமென்று அறைக்குள் பூட்டி வைத்தால் உயிரே போகலாம்.

வெட்கப்படாமல் குடியை மறுக்க நம் மக்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். “சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன்” என்றால் போதும். எவனும் வற்புறுத்த மாட்டான். மகரஜோதி முடிந்து மாலை கழன்றுவிடும். அடுத்துத் தைப்பூசம். பெருநகர் செய்யாற்றுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் வரும், மாமன் மச்சான்களும் வருவார்கள். “ஒரு கட்டிங் போடலாம் வாடா” என்று தோளில் கை விழும்போது, மாலையில்லாத கழுத்தோடு “விட்டுட்டேன் மாமா” என்று ஒருவன் சொல்ல வேண்டும். சுற்றி நிற்பவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா?